வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள்

ஒரு வெள்ளிக்கிழமை இரவு, ஆயர் கெரோவில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில், வங்கிச் செயலியைப் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி "இது என்னா இது?" என்றாள். அவளுடைய கடன் அட்டையில் ஐந்து செலவுகள் விழுந்திருந்தன. 4 ரிங்கிட் 60 சென், 312 ரிங்கிட் இரண்டு முறை, 489, 730. கடைகளின் பெயர்கள் எதுவும் எங்களுக்குப் புரியவில்லை. கடைசி நான்கும் ஒரே பின்னிரவில், அரை மணி நேரத்துக்குள் நடந்திருந்தன. அட்டையோ அவள் கைப்பையில்தான் இருந்தது.

அவள் வங்கிக்கு அழைத்தாள். இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பொறியியல் படித்தவன் என்ற தோரணையில் தொலைபேசியை நான் வாங்கினேன். "அட்டைதாரரிடம் மட்டும்தான் பேச முடியும் சார்" என்று சொல்லிவிட்டார்கள். திருப்பிக் கொடுத்தேன். பெயர், அடையாள அட்டை எண், கடைசியாக எங்கே பெட்ரோல் போட்டீர்கள் என்று வரிசையாகக் கேட்ட அந்த அதிகாரி, பிறகு மலாயில் மிகவும் பணிவாக ஒன்று கேட்டார். "உங்கள் கணவர் பயன்படுத்தியிருக்கலாம். அவரிடம் கேட்டுப் பார்த்தீர்களா?"

ஒலிபெருக்கியில் இருந்ததால் எனக்கும் கேட்டது. அவள் என்னைப் பார்த்தாள். "நீ எதுக்காச்சும் போட்டியா?"

"இல்ல" என்றேன்.

அவள் நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அன்று இரவு வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த வாக்கியத்தை நான் முன்பே கேட்டிருந்தேன். ஜாசின் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய என் பாட்டி சொன்ன கதையில் அது வரும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அவரிடம் அதைச் சொன்னவர் தோட்டத்துக் கடைக்காரர்.

வங்கியோடு எங்கள் வழக்கு முடிய ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரத்தில் கிடைத்த நேரத்தில் எல்லாம் கடன் கணக்குகளைப் பற்றி வாசித்தேன். 'நான் வாங்காத பொருளுக்கு நான் ஏன் கட்ட வேண்டும்?' என்று ஒரு தமிழ்த் தொழிலாளியால் எப்போதிலிருந்து கேட்க முடிந்தது, கேட்டால் யார் காது கொடுத்தார்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

மலாயாவின் ரப்பர் வணிகப் பயிராகத் தொடங்கியது மலாக்காவில்தான். 1896-இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். அடுத்து புக்கிட் ஆசாகானில் பெரிய அளவில் நடவு தொடங்கியது. மரம் வளர்ந்து பால் தரும் காலம் வந்தபோது ஆள் தேவைப்பட்டது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி வரும் கங்காணி முறை வேகமாகப் பரவியது.

கங்காணி முறையை நாம் வழக்கமாகப் பிரம்பும் அதட்டலுமாக நினைவில் வைத்திருக்கிறோம். அதற்குள் ஒரு கணக்கு முறையும் இருந்தது. தோட்டத்தில் முன்பணம் வாங்கிக்கொண்டு கங்காணி தன் ஊருக்குப் போவார். கப்பல் செலவு, வழிச்சாப்பாடு, ஊரில் அடைக்க வேண்டிய பழைய கடன் எல்லாம் அந்த முன்பணத்திலிருந்து போகும். தொழிலாளி தோட்டத்தில் கால் வைக்கும்போதே அவர் பெயரில் ஒரு பற்று எழுதப்பட்டிருக்கும். சம்பளத்திலிருந்து அது கழியும். அவர் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்கு இத்தனை காசு என்று தனியாகக் கிடைக்கும். தொழிலாளி கடனோடு இருப்பதும், தோட்டத்தை விட்டுப் போகாமல் இருப்பதும் கங்காணிக்கு வருமானம்.

ஒரு பொறியாளனாக இதைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது, கணக்கை எழுதுபவரும் அந்தக் கணக்கால் ஆதாயம் அடைபவரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள் என்பது. நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், பொருளைச் செய்பவரே அதைச் சோதித்துக் கையெழுத்துப் போட முடியாது. அன்றைய தோட்டத்தில் அப்படி ஒரு இரண்டாவது கை இல்லை. வழிச்சாப்பாட்டுக்கு இத்தனை ஆனது என்று எழுதினால் அத்தனைதான். படிக்கத் தெரியாதவர், கப்பலில் பாதி மயக்கத்தில் வந்தவர், அதை எப்படி மறுப்பார்?

1907-இல் நீரிணைக் குடியேற்றங்களிலும் மலாய்க் கூட்டு மாநிலங்களிலும் தமிழர் குடியேற்ற நிதிக்கான சட்டம் வந்தது. மலாக்கா அப்போது நீரிணைக் குடியேற்றங்களில் ஒன்று. தமிழ்த் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளிகள் ஆள் கணக்குப்படி ஒரு தொகையை நிதியில் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் புதியவர்கள் இலவசமாகக் கப்பல் ஏறுவார்கள். பயணச் செலவு இனி தொழிலாளியின் கடன் அல்ல. 1910-இல் ஒப்பந்தக் கூலி முறையும் நிறுத்தப்பட்டது.

இந்தச் சட்டத்தைக் கருணை என்று எழுதிவிட முடியாது. ஒரு தோட்டம் செலவு செய்து கொண்டுவந்த ஆளை அடுத்த தோட்டம் இழுத்துக்கொண்டு போவது முதலாளிகளுக்குத் தீராத தலைவலி. செலவை எல்லாருக்கும் பொதுவாக்கியது அதற்கு மருந்து. எந்தக் காரணத்துக்காக வந்திருந்தாலும், வந்து இறங்கியதும் தலையில் ஏறும் ஒரு கடன் வரி அழிந்தது. 1922-இல் இந்தியா குடிபெயர்வுச் சட்டம் இயற்றியது. அதன்படி கோலாலம்பூரில் இந்திய அரசின் ஏஜென்டு ஒருவர் இருந்து தொழிலாளர் புகார்களைக் கேட்டார். சீனிவாச சாஸ்திரி மலாயா வந்து ஆராய்ந்து, 1937-இல் வெளியான அறிக்கையில் கங்காணி வழி ஆள் சேர்ப்பை நிறுத்தச் சொன்னார். 1938-இல் இந்திய அரசு உதவியோடு நடந்த கூலிக் குடிபெயர்வையே தடுத்துவிட்டது.

இதே காலத்தில் இன்னொரு கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது. உலகப் பொருளாதார மந்தம் தொடங்கிய நேரத்தில் மலாயாவில் இந்தியத் தொழிலாளருக்கு வகுத்திருந்த நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதே மரம், அதே உளி, அதே விடியற்காலைப் பெரட்டு. கடைக்கு வந்தால் அரிசிக்கு மட்டும் ஆண் விலை, பெண் விலை என்று இல்லை.

பெண்ணின் பெயரில் கூலி இருந்தது. கடன் யார் பெயரில் இருந்தது? இங்கேதான் பாட்டியின் கதை வருகிறது.

மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு 555 புத்தகத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. உள்ளங்கையில் அடங்கும் சின்ன நோட்டு, அட்டையில் பெரிதாக மூன்று ஐந்துகள். மலாயில் 'புக்கு தீகா லீமா' என்றாலே கடன் கணக்கு என்று பொருள். எங்கள் குடும்பத்துக்கும் ஒரு 555 இருந்தது, தாத்தா பெயரில், கடைக்காரரின் மேசை இழுப்பறையில். தாத்தா, பாட்டி இருவருக்கும் செக்ரோலில் தனித்தனிப் பெயர், தனித்தனிச் சம்பளம். இரண்டு சம்பளமும் அந்த ஒரே புத்தகத்துக்குத்தான் போனது.

எழுபதுகளின் நடுப்பகுதி. அம்மா அப்போதுதான் தமிழ்ப்பள்ளியில் சேர்ந்திருந்தார். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கடையில் இலவசமாகக் கொடுத்த மாதக் காலண்டர் லயத்துச் சுவரில் தொங்கியது. கடைக்குப் போன நாளில் எல்லாம் அந்தத் தேதிக் கட்டத்தில் அம்மாவின் பென்சிலால் ஒரு கோடு போடுவார். இரண்டு முறை போனால் இரண்டு கோடு. எதற்கு என்று நான் கேட்டபோது, "சும்மா, ஒரு இதுக்குத்தான்" என்றார்.

ஒரு தீபாவளி மாதம் கணக்கு உதைத்தது. கடைக்காரர் சொன்ன தொகை அவர் மனக்கணக்கைவிட அதிகம். பாட்டி காலண்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். தேதி தேதியாகப் படிக்கச் சொன்னார். கோடு இல்லாத நாட்களில் ஏழு வரிகள் இருந்தன. கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம். "ஒன் வூட்டுக்காரனப் போயி கேளு."

அந்தப் பதிலுக்கு மேல் கடையில் பேச ஒன்றுமில்லை. கணக்கில் தவறு இருக்கிறதா என்ற கேள்வியோடு போனவர், புருஷன் பொய் சொல்கிறாரா என்ற கேள்வியோடு திரும்பினார். வழக்கு கடையிலிருந்து லயத்து அறைக்கு மாறிவிட்டது. தாத்தா முதலில் ஏழையும் மறுத்தார். மூன்று நாள் பேச்சு இல்லை, அடுப்பு மட்டும் எரிந்தது. நான்காம் நாள் இரண்டு வரிகள் தன்னுடையவை என்று ஒப்புக்கொண்டார். சிகரெட், பியர். மீதி ஐந்து தன்னுடையவை இல்லை என்று சத்தியம் செய்தார். பாட்டி மறுபடியும் கடைக்குப் போய், இரண்டுக்குப் பணம் வைத்துவிட்டு, ஐந்துக்குத் தர முடியாது என்றார். கடைக்காரர் மூன்றை அடித்தார். இரண்டை விட மறுத்தார். அடுத்த மாதத்திலிருந்து பாட்டி தனியாக ஒரு 555 வாங்கி, கடைக்காரர் எழுதும்போதே அம்மாவை விட்டு அதில் எழுத வைத்தார். ஆறு வயதுப் பிள்ளையின் கையெழுத்தில் எங்கள் குடும்பத்தின் முதல் பேரேடு அப்படித்தான் தொடங்கியது.

அன்றைக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் இருந்தது. சம்பளத்திலிருந்து எதையெதைப் பிடிக்கலாம் என்று அது வரையறுத்தது. சம்பளத்தை இன்ன இடத்தில்தான் செலவழிக்க வேண்டும் என்று முதலாளி நிபந்தனை போடக் கூடாது, கொடுத்த முன்பணத்துக்கு வட்டி பிடிக்கக் கூடாது, மதுக்கடையிலோ சில்லறைக் கடையிலோ வைத்துச் சம்பளம் தரக் கூடாது என்றெல்லாம் அது சொல்கிறது. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் அதற்கு முந்தைய காலத்தின் ஒரு வழக்கம் தெரிகிறது. ஆனால் அது கட்டுப்படுத்தியது முதலாளியை. தோட்டத்து 555 முதலாளியின் புத்தகம் அல்ல.

வட்டிக்கடனுக்கு 1951-இன் சட்டம் இருந்தது. மலாக்காவில் கடன் வணிகம் என்றால் நகரத்தாரைச் சொல்லாமல் இருக்க முடியாது. பொற்கொல்லர் தெருவான ஜாலான் துக்காங் ஏமாஸில் இருக்கும் பொய்யாத விநாயகர் கோயில் 1781-இல், டச்சுக்காரர் தந்த நிலத்தில் மலாக்கா செட்டிகள் கட்டியது. பின்னாளில் நகரத்தார் நிர்வாகத்துக்கு வந்தது. இரண்டும் வேறு வேறு சமூகங்கள். நகரத்தாரின் பேரேடும் ஐந்தொகையும் பிசிறில்லாத கணக்குக்குப் பேர்போனவை. ஆனால் எவ்வளவு சுத்தமான கணக்கானாலும் புரோநோட்டு கடன் கொடுத்தவர் பெட்டியில்தான் இருக்கும். கடன் ஒப்பந்தத்தின் ஒரு படியை வாங்குபவர் கையிலும் கொடுக்க வேண்டும் என்று வட்டிக்கடைச் சட்டம் சொல்வது அதனால்தான். பாட்டி தானாகவே கண்டுபிடித்த இரண்டாவது புத்தகத்தைத்தான் சட்டமும் கேட்டது.

கடன் அட்டையின் கதையும் ஏறக்குறைய இதே வழியில்தான் போயிருக்கிறது. 1958-இல் பேங்க் ஆஃப் அமெரிக்கா கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் ஏறத்தாழ 60,000 பேருக்கு, யாரும் கேட்காமலேயே, அஞ்சலில் அட்டைகளை அனுப்பியது. இன்றைய விசாவின் தொடக்கம் அது. திருட்டும் வாராக்கடனும் குவிந்தன. கேட்காத அட்டையை அனுப்பக் கூடாது, பிறர் திருட்டுத்தனமாகச் செய்த செலவில் அட்டைதாரர் பொறுப்பு 50 டாலரைத் தாண்டக் கூடாது என்று 1970-இல் அமெரிக்காவில் விதி வந்தது.

1974 அக்டோபர் 28 அன்று அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்ட ஒரே சட்டத்தொகுப்பில் இரண்டு பகுதிகள் இருந்தன. ஒன்று, பில்லில் உள்ள தவறை 60 நாளுக்குள் எழுத்து மூலம் மறுக்கும் உரிமை. விசாரணை முடியும்வரை, மறுக்கப்பட்ட தொகையைக் கட்டச் சொல்லி வங்கி நெருக்க முடியாது. இன்னொன்று, பெண் என்பதாலோ மணமானவர், மணமாகாதவர் என்பதாலோ கடன் மறுக்கக் கூடாது என்பது. அதுவரை அங்கே பெண்களிடம் கணவரின் கையெழுத்தைக் கேட்பது வாடிக்கை. என் பாட்டி காலண்டரைச் சுருட்டிக்கொண்டு கடைக்கு நடந்த அதே எழுபதுகளில்தான் இதுவும் நடந்தது. கணக்கை மறுக்கும் உரிமையும், தன் பெயரில் கணக்கு வைத்துக்கொள்ளும் உரிமையும் ஒரே தொகுப்பில் வந்ததைப் படித்தபோதுதான், வங்கி என்னிடம் பேச மறுத்தது எவ்வளவு சரி என்று எனக்கு உறைத்தது. அது அவள் கணக்கு. மறுக்க வேண்டியவளும் அவள்தான்.

மலேசியாவில் பேங்க் நெகாராவின் விதிப்படி, அட்டை தொலைந்தோ திருடுபோயோ பிறர் செய்த செலவில் அட்டைதாரரின் பொறுப்பு அதிகபட்சம் 250 ரிங்கிட். அவர் ஏமாற்றியிருக்கக் கூடாது, தெரிந்ததும் தாமதிக்காமல் சொல்லியிருக்க வேண்டும். 2005 வாக்கில் அட்டைகளில் சில்லு வந்தது; 2017 ஜூலை முதல் கையெழுத்துக்குப் பதில் ரகசிய எண். அதனால் நகல் அட்டை அடிக்கும் கூட்டத்துக்குக் கடைகளில் வேலை குறைந்தது. திருட்டு இணையத்துக்கு நகர்ந்தது. அங்கே அட்டையே வேண்டாம், எண்கள் போதும்.

இணையச் செலவை மறுத்தால் நடப்பது இதுதான். அட்டை தந்த வங்கி, விசா அல்லது மாஸ்டர்கார்டு வலையமைப்பு வழியாக, கடைக்காரரின் வங்கிக்குக் கேள்வி அனுப்பும். சார்ஜ்பேக் என்று பெயர். வாங்கியது அட்டைதாரர்தான் என்று கடைக்காரர் ஆதாரம் காட்ட வேண்டும். பெரும்பாலான வழக்குகளுக்குக் கெடு 120 நாள். ஓடிபி போன்ற சரிபார்ப்பு எதுவும் கேட்காமல் விற்றிருந்தால் நட்டம் பொதுவாகக் கடைக்காரர் பக்கம் சாயும். ஓடிபி கொடுக்கப்பட்டிருந்தால் நம் பக்கம் சாயும். "நீங்கள்தானே எண்ணைக் கொடுத்தீர்கள்" என்பார்கள். அதனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்தச் செலவு எப்படி அங்கீகரிக்கப்பட்டது என்பதே. வங்கியின் முடிவு சரியில்லை என்றால் நிதிச் சந்தை குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2025 ஜனவரி முதல் அது ஒரே அமைப்பாக இயங்குகிறது. வங்கிக் கணக்கிலிருந்தே பணம் மோசடியாகப் போயிருந்தால் உடனே 997.

'கணவரைக் கேட்டீர்களா' என்ற கேள்வியை வங்கி கேட்பதற்குக் காரணம் உண்டு. வீட்டில் ஒருவர் வாங்கியதை இன்னொருவர் திருட்டு என்று நினைத்துப் புகார் செய்வது நிறையவே நடக்கிறது. என் மனக்குறை கேள்வியின் மேல் இல்லை, அது வரும் வரிசையின் மேல். கடையிடம் ஆதாரம் கேட்பதற்கு முன்பே வீட்டுக்குள் விசாரணை தொடங்கிவிடுகிறது. புத்தகம் வைத்திருப்பவர் கேட்கப்படுவதற்கு முன், கல்யாணம் கேட்கப்படுகிறது.

இப்படி ஆவேசமாக ஒரு பத்தி எழுதி வைத்திருந்த வாரத்தில்தான், மறுப்புப் படிவத்தை நிரப்ப இருவரும் உட்கார்ந்தோம். ஒவ்வொரு வரியிலும் கடையின் பெயரை அப்படியே எழுத வேண்டும். 4 ரிங்கிட் 60 சென்னுக்கு எதிரே இருந்த பெயரைத் தேடினேன். பில்லில் வரும் பெயர் தாய் நிறுவனத்தின் பெயராக இருக்கும், நாம் பார்த்த கடையின் பெயராக இருக்காது. அந்த நிறுவனம் நடத்துவது கோப்புகளை மாற்றித் தரும் ஒரு இணையச் சேவை. இரண்டு மாதத்துக்கு முன் ஓர் அவசரத்தில், என் அட்டை காலாவதியாகியிருந்ததால், அவள் அட்டை எண்ணைப் போட்டு 'இலவசச் சோதனை'யில் சேர்ந்தவன் நான்தான். அவளிடம் கேட்டுத்தான் வாங்கினேன். ரத்து செய்ய மறந்தேன். பிறகு எல்லாமே மறந்துபோனது.

அவள் நேராகக் கேட்டபோது 'இல்ல' என்று சொல்லியிருந்தேன். பொய் சொல்ல நினைக்கவில்லை. ஆனால் என் தாத்தாவும் முதல் மூன்று நாள் பொய் சொல்ல நினைத்திருக்க மாட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்த வரியை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் தன் சுருக்கொப்பம் இட்டாள். "இது எங்க செலவு. மத்த நாலும் எங்களோடது இல்ல." காவல் நிலையப் புகாரையும் இணைத்து அனுப்பினோம். அந்த நான்கு செலவுகளிலும் ஓடிபி கேட்கப்படவே இல்லை என்று பின்னர் தெரிந்தது. ஏழாவது வாரத்தில் 1843 ரிங்கிட் அவள் கணக்குக்குத் திரும்பியது.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. மாதக் கணக்கு வந்ததும் இருவரும் சேர்ந்து வரி வரியாகப் பார்க்கிறோம். பத்து நிமிடம் ஆகும். அவள் படிப்பாள், நான் என் கைப்பேசிக் குறிப்பில் உள்ளதைச் சரிபார்ப்பேன். அட்டை நிலுவைக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை வட்டி போடலாம்; அடமானம் இல்லாத வட்டிக்கடைக் கடனுக்கும் சட்டம் வைத்திருக்கும் உச்சம் அதே 18 என்று தெரிந்த பிறகு, மிச்சம் எதையும் அடுத்த மாதத்துக்கு விடுவதில்லை.

போன மாதம் ஜாசினுக்குப் போனபோது பாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னோம். செயலியைத் திறந்து, திரும்பி வந்த பணத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கி விட்டுப் பார்த்தார். அந்த 1843-இல் அவருக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை.

"அந்த நாலு வெள்ளி ஒன்னோடதுனு தெரிஞ்சதும் சொல்லிட்டியா?" என்றார்.

"அன்னைக்கே சொல்லிட்டேன் பாட்டி."

"ஒங்க தாத்தாவுக்கு மூணு நாளாச்சு" என்று சொல்லிவிட்டு, என் மனைவியைத் தேநீர் குடிக்கக் கூப்பிட்டார்.